பச்சை ஒயர்

செப்டம்பர் 25, சனி

வேட்புமனுவைத் திரும்பப் பெற இன்றுதான் கடைசி நாள். ஆறு பேர் மனு போட்டிருந்தார்கள். நான்கு பேரை ஊர்த்தெருப் பெரிய வீட்டுக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்துப் பேசி வாபஸ் வாங்க வைத்துவிட்டார்கள். உட்காரவைத்து என்றால் தரையில். மீதி இரண்டு பேர். ஒன்று என் அக்கா கலைமணி, கத்தரிக்காய் சின்னம். இன்னொன்று கன்னியப்பன் சித்தப்பா, பூட்டு சாவி.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை எங்களுக்கு ஒதுக்கியது. காலனிக்காரர்தான் நிற்க முடியும். ஆகையால் பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் டிரைவரை நிறுத்தியிருக்கிறார்கள். கன்னியப்பன் சித்தப்பா என் சின்ன வயசிலிருந்து அந்த வீட்டு வண்டியைத்தான் ஓட்டுகிறார். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. ஜெயித்தால் கையெழுத்து அவருடையது, பேனா அவர்களுடையது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

டவுனில் மைக்செட்டுக்குச் சொல்லி வைத்திருந்தோம். சவுண்ட் சர்வீஸ்காரர் இன்று அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "தம்பி, திருவிழா ஆர்டரு வருசா வருசம் எனக்கு ஊர்த்தெருவுலதான்" என்றார். முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த அளவுக்கு நல்லவர்.

நடந்து போய் ஓட்டுக் கேட்கலாமே என்று யாராவது கேட்கலாம். காலனியில் நடக்கலாம். ஊர்த்தெருவில் அக்கா எந்த வாசலிலும் நின்று பேச முடியாது. கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனால் அந்தத் தெருப் பெண்களில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்கு வருகிறவர்கள். அங்கே வருகைப் பதிவு எடுப்பது அக்கா. கூலி குறைத்துப் போட்டபோது பி.டி.ஓ. ஆபீஸ் வரை போய்ச் சண்டை போட்டவள் அவள் என்று அவர்களுக்குத் தெரியும். கதவு சாத்தியிருந்தாலும் சத்தம் உள்ளே போகும். அதற்குத்தான் மைக். அது இல்லையென்றால் அக்கா தோற்பாள்.

செப்டம்பர் 26, ஞாயிறு

சவரி மாமாவின் அம்பாசிடரைக் குடைந்துகொண்டிருந்தேன். மாமா என்றால் அக்கா புருஷன். போன வருஷம் இந்த வண்டியை ஒரு புரோக்கரிடம் வாங்கினார். பிரசவம், சாவு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஓட்டுகிறார். அதற்கு முன் இது பெரிய வீட்டு வண்டி. நேராக எங்களுக்கு விற்றிருக்கமாட்டார்கள்.

பின்சீட்டுக்கு அடியில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் கிடக்கிறது. விற்கும்போது செட்டு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டார்கள். இதன் திருகாணி துருப்பிடித்து வராததால் விட்டுவிட்டார்கள். ஒயரை அவிழ்க்கவில்லை, நறுக்கியிருக்கிறார்கள். யாருக்கும் உதவிவிடக் கூடாது என்று கவனமாக நறுக்கினது போல இருக்கிறது.

மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அழிந்து வெள்ளையாகிவிட்டது. எந்த கம்பெனி, என்ன மாடல், ஒன்றும் தெரியவில்லை. பெட்டிக்குள்ளிருந்து ஒரு கத்தை ஒயர் தொங்குகிறது. தடித்த சிவப்பு, தடித்த கருப்பு, நூல் மாதிரி ஒரு நீலம். பிறகு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா. இந்த நாலுக்கும் கருப்புக் கோடு போட்ட ஜோடி ஒன்று உண்டு.

நான் ஐ.டி.ஐ. படித்த வயர்மேன். வீட்டு ஒயர் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். கருப்பு நியூட்ரல். பச்சை எர்த். இதில் நீலம் ஏன் இவ்வளவு மெல்லிசு என்று புரியவில்லை. யூடியூபில் தேடினேன். ஒருவர் இந்தியில் வேறொரு பெட்டியைக் காட்டி அரை மணி நேரம் பேசுகிறார். அதில் ஒயரே இல்லை.

சர்ச்சில் கேட்டு நான்கு பழைய ஸ்பீக்கர் வாங்கிவந்தோம். வண்டி மேல் கேரியரில் முன்னால் பார்க்க இரண்டு, பின்னால் பார்க்க இரண்டு கட்டியாகிவிட்டது. பென்டிரைவ் போட்டால் பாடுகிற சின்ன செட்டு ஒன்றை மாமா வாங்கி டேஷ்போர்டில் மாட்டியிருக்கிறார். அதன் சத்தம் காருக்குள் மட்டும்தான் கேட்கும். தெருவுக்குக் கேட்க வேண்டுமானால் இந்தப் பெட்டி உயிர் பெற வேண்டும்.

"ஆவுமாடா?" என்று அக்கா இரண்டு முறை கேட்டாள்.

"ஆவும்" என்றேன்.

செப்டம்பர் 27, திங்கள்

காலையில் ஊர்த்தெருவில் ஒரு புது வீட்டு வேலைக்குப் போனேன். பைப் எல்லாம் புதைத்து முடித்தாயிற்று. ஒயர் இழுத்து போர்டு மாட்டுவதுதான் பாக்கி. வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு "எலெக்‌ஷன் முடியட்டும் தம்பி" என்றார். எலெக்‌ஷனுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

மாலையில் சர்ச்சுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி உள்ளே குனிந்திருந்தேன். கன்னியப்பன் சித்தப்பா வயலில் இருந்து அந்த வழியாக வந்தார். சும்மா சீண்டத்தான் கூப்பிட்டேன்.

"இன்னா தலைவரே, உங்க பழைய வண்டிதானே. எந்த ஒயரு எதுன்னு சொல்லிட்டுப் போறது?"

நிற்காமல் போய்விடுவார் என்று நினைத்தேன். நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து உள்ளே வந்து குந்தினார்.

"பாண்டிச்சேரியில போட்டது. நான்தான் ஓட்டிக்கினு போனேன். சாயந்தரம் வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்." ஒயரை ஒவ்வொன்றாக விரலில் எடுத்தார். "தடி செவப்பு பேட்டரிக்கு. நடுவுல ஃபியூசு போடாம உட்ராத. தடி கருப்பு வண்டி பாடிக்கு. நீலம் செட்டுலருந்து வரும். செட்டு போட்டா இது எழுந்துக்கும். எழுப்பி உட்றதுக்கு மட்டும்தான் அது."

"பச்சை?"

"பச்சை, ஊதா, வெள்ளை, சாம்பலு, நாலும் ஸ்பீக்கரு. வெள்ளையும் சாம்பலும் முன்பக்கம். மத்த ரெண்டும் பின்பக்கம்."

"பச்சைன்னா எர்த்து சித்தப்பா."

"வூட்டுக்கு. இது காருடா. பச்சைய கொண்டுபோயி பாடியில வெச்சிடாத, போயிடும்."

"நீங்க எதுக்கு இதெல்லாம் எனக்குச் சொல்றீங்க?"

"நீதானடா கேட்ட?" என்றார். இறங்கும்போது, "நான் வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லிக்காத. எனக்கு அந்த வூட்டுலதான் சோறு" என்றார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எதிர்த்து நிற்கிற வேட்பாளர் வந்து நம் மைக்குக்கு வழி சொல்கிறார். நம்புவதற்கு நான் என்ன குழந்தையா?

செப்டம்பர் 28, செவ்வாய்

பகல் பதினொன்றுக்கு ஆம்ப்ளிஃபயர் புகைந்தது.

பேட்டரிக்கு சிவப்பு, ஃபியூசோடு. பாடிக்குத் தடித்த கருப்பு. நீலத்தைச் செட்டில் கொடுத்தேன். வெள்ளையும் சாம்பலும் முன் ஸ்பீக்கருக்கு, ஊதா ஒன்றே பின்னால் இரண்டுக்கும். எஞ்சினது பச்சை. அதைப் பாடியில் வைத்து நட்டு முறுக்கினேன். பாட்டுப் போட்டதும் முன்னால் இரண்டு ஸ்பீக்கரும் ஒரு நொடி பாடின. சவரி மாமா கை தட்டினார். பிறகு ரெசின் எரிகிற வாடை. சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை. ஃபியூஸ் போய்விட்டது.

அதற்குள் பத்திருபது பேர் கூடிவிட்டார்கள். அக்கா நூறு நாள் வேலையிலிருந்து மண் ஒட்டின காலோடு ஓடிவந்தாள்.

"என்னடா ஆச்சு? தெரியும்னு சொன்ன?"

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். கையில் டெஸ்டர் இருந்தது.

"கன்னியப்பன் சித்தப்பா நேத்து வந்தாரு. அவரு சொன்ன மாதிரிதான் போட்டேன்" என்றேன்.

சவரி மாமா கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார். மற்றவர்கள் முடித்தார்கள். அக்கா புகை வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வந்தது உண்மை. சொன்னதும் உண்மை.

செப்டம்பர் 29, புதன்

காலனி முழுக்க இதே பேச்சு. சித்தப்பாவின் பங்காளிகள் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இதுவரை பூட்டு சாவி பக்கம் சாய்ந்திருந்தார்கள். இன்று அவர்களே வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். பெரிய வீட்டுக்கு வண்டி ஓட்டினால் பரவாயில்லையாம், வயிற்றுப் பாடு. சொந்தக் காலனியின் வாயை அடைப்பதை ஒத்துக்கொள்ள முடியாதாம். லூர்து தன் டீக்கடையில் அவருக்கு டீ கிடையாது என்று சொல்லிவிட்டானாம்.

சாயந்தரம் சர்ச் முன்னால் மைக் இல்லாமலே கூட்டம். அக்கா ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று பேசினாள். "நம்ம குரலு வெளிய கேக்கக் கூடாதுன்னு நெனைக்கிறவங்க ஊர்த்தெருவுல மட்டும் இல்ல" என்று சொல்லி நிறுத்தினாள். பிறகு அழுதாள். அக்கா கூட்டத்தில் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பா செத்தபோதுகூட அவள்தான் எல்லோருக்கும் காபி போட்டாள்.

பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் என் தோளைத் தட்டி, "நீ என்னடா பண்ணுவ, நம்பித்தானே செஞ்ச" என்றார்.

செப்டம்பர் 30, வியாழன்

வேலை இல்லை. ஆகையால் பெட்டியைக் கழற்றினேன். துருப்பிடித்த திருகாணிகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, உளியால் தட்டி, ஒரு மணி நேரம் ஆயிற்று.

மூடியைத் திறந்தால் உள்ளே போர்டில் ஒவ்வொரு ஒயர் நுனியிலும் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறது. வெளியே அழிந்தது உள்ளே அழியவில்லை. முதலிலேயே திறந்திருக்கலாம்.

நீலம், செட்டிலிருந்து வந்து எழுப்புவது. வெள்ளை, முன் இடது. சாம்பல், முன் வலது. ஊதா, பின் வலது. பச்சை, பின் இடது ஸ்பீக்கர். எழுதி வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

பின்பக்கத்து ஸ்பீக்கருக்கான டிரான்சிஸ்டர்கள் வெடித்திருந்தன. சால்டரிங் அயர்னால் ஈயத்தை உருக்கி அவற்றை எடுத்துப் போட்டுவிட்டேன். முன்பக்கத்து டிரான்சிஸ்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேரியரிலிருந்து வருகிற ஸ்பீக்கர் ஒயர்களில் எது எது என்று பென்சில் பேட்டரியால் தொட்டுப் பார்த்தேன். தொட்டால் அந்த ஸ்பீக்கர் மட்டும் 'டக்' என்று சொல்லும். சவரி மாமா மேலே ஏறி நின்று "இது முன்னாடி... இதுவும் முன்னாடி" என்று கத்தினார். புது ஃபியூஸ் போட்டேன்.

பாடியது. முன்னால் பார்க்கிற இரண்டு மட்டும்.

"கில்லாடிடா நீ" என்றார் மாமா. "அந்தாளு கெடுத்ததையே சரி பண்ணிட்ட பாரு."

அக்டோபர் 1, வெள்ளி

அக்காவின் பேச்சை என் போனில் பதிவு செய்தேன். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேர்க்க வேர்க்க. நான்கு முறை எடுத்தோம். குடிதண்ணீர், சுடுகாட்டுப் பாதை, நூறு நாள் வேலைக்கு முழுக்கூலி. கடைசியில் அவளாகச் சேர்த்தாள்: "எங்க மைக்க எரிச்சாங்க. குரல எரிக்க முடியல."

"இது வேணுமாக்கா?" என்று கேட்டேன்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்குது."

"அப்ப உடு."

பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.

அக்டோபர் 2, சனி

காந்தி ஜெயந்தி. எலெக்‌ஷன் என்பதால் கிராம சபை கிடையாது. நடந்தாலும் நாங்கள் ஓரமாகத்தான் நிற்போம்.

காலை ஒன்பதுக்கு ஊர்த்தெருவுக்குள் வண்டி போனது. மாமா ஓட்டினார். நான் பக்கத்தில். அக்கா பின்னால் கை கூப்பியபடி நடந்து வந்தாள். ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் கூடவே வந்தார். எங்களுக்குப் பாதுகாப்பா, எங்களிடமிருந்து பாதுகாப்பா என்று அவருக்கே தெரியாது.

கதவுகள் சாத்தியிருந்தன. எதிர்பார்த்ததுதான். ஆனால் வண்டி நகர நகர ஜன்னலுக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. கூலி என்ற வார்த்தை வந்த இடத்தில் ஒரு மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பெண் அக்காவைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். உடனே உள்ளே போய்விட்டாள்.

சத்தம் முன்னால் மட்டும் போகிறது. வண்டி தாண்டிய வீடுகளுக்குப் பாதிப் பேச்சுதான் கேட்டிருக்கும். அதனால் தெருக்கோடியில் திருப்பி இன்னொரு முறை வந்தோம். மாமா அதற்குக் கன்னியப்பன் சித்தப்பாவைத் திட்டினார்.

அக்டோபர் 3, ஞாயிறு

பூட்டு சாவி வண்டி காலனிக்கு வந்தது. புது வேன், எட்டு ஸ்பீக்கர், ஜெனரேட்டர். மைக்கில் பேசியது பெரிய வீட்டு மகன் சந்திரமோகன். "உங்கள் வேட்பாளர், உங்களில் ஒருவர், கன்னியப்பன்" என்று அரை மணி நேரம் சொன்னான். வேட்பாளர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மாலை போட்டுக்கொண்டு ஓட்டினார். கியர் மாற்றும்போது மாலை இடித்தது.

லூர்து கடை முன்னால் நிறுத்தினார்கள். சந்திரமோகன் இறங்கி எல்லோருக்கும் டீ சொன்னான். லூர்து எல்லோருக்கும் போட்டான், சித்தப்பாவுக்கு மட்டும் போடவில்லை. "பால் தீந்துடுச்சி" என்றான். பால் கொதித்துக்கொண்டிருந்தது.

சந்திரமோகனுக்கு அது சிரிப்பாக இருந்தது. சித்தப்பா முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"ஏன் கோவப்படமாட்டாங்க? நம்ம டிரைவரு பண்ண வேலை அப்படி. ஒரே ஒயரு, மைக்செட்டு குளோஸு. இவனுக்கு இவ்ளோ மூளைன்னு எங்கப்பாவுக்கே இப்பத்தான் தெரியும்!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். சிரித்தபடி என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

இல்லை என்று அவர் சொல்ல முடியாது. சொன்னால், சரியாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஆகும். எதிர்க்கட்சிக்கு வழி காட்டினவன் என்று ஆகும். அந்த வீட்டுச் சோறு போகும். காலனியில் அவர் துரோகியாக இருக்கிற வரைக்கும் அங்கே அவர் விசுவாசி.

இது ஒருவகையில் அவருக்கும் வசதிதான்.

அக்டோபர் 4, திங்கள்

ஐந்து மணிக்குப் பிரச்சாரம் முடிந்தது. ஊர் அமைதியாக இருக்கிறது. காது மட்டும் இரைகிறது.

அக்டோபர் 6, புதன்

ஓட்டுப் போட்டாயிற்று. வரிசை நீளம். கன்னியப்பன் சித்தப்பா பெரிய வீட்டுக் கிழவியைக் காரில் கூட்டிவந்து, கையைப் பிடித்து உள்ளே நடத்திக்கொண்டு போனார். வேட்பாளர் வாக்காளரை அழைத்து வரக் கூடாது என்று எங்கள் ஏஜென்ட் சத்தம் போட்டார். "நான் வேட்பாளரா வரல சார், டிரைவரா வந்தேன்" என்றார் சித்தப்பா. அதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விட்டுவிட்டார்.

அவர் மனைவி, சித்தி, வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அக்டோபர் 9, சனி

வேலை இல்லை. ஊர்த்தெருப் புது வீட்டில் டவுன் வயர்மேன் ஒருத்தன் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். நான் புதைத்த பைப்பில்.

அக்டோபர் 12, செவ்வாய்

அக்கா ஜெயித்தாள்.

காலனிப் பெட்டியில் பூட்டு சாவிக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் விழுந்தது. ஊர்த்தெருப் பெட்டியிலும் கத்தரிக்காய்க்கு நாங்கள் நினைத்ததைவிட விழுந்திருந்தது. இரண்டும் சேர்ந்துதான் வெற்றி. காலனி இரண்டாகப் பிரிந்திருந்தால் இல்லை.

எண்ணுகிற இடத்திலிருந்து அம்பாசிடரில் ஊர்வலமாக வந்தோம். ஸ்பீக்கரில் "எங்க மைக்க எரிச்சாங்க" என்ற இடம் வரும்போதெல்லாம் பையன்கள் விசிலடித்தார்கள். அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

அக்டோபர் 14, வியாழன்

கன்னியப்பன் சித்தப்பாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அப்படி ஒன்றும் சண்டை இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்றார்களாம். தோற்ற வேட்பாளர் வீட்டு வாசலில் நிற்பது அவர்களுக்கு அசிங்கமாம்.

அவர் லூர்து கடைப் பக்கம் வந்து, "ஒயர நான் சரியாத்தான்டா சொன்னேன்" என்று சொல்லியிருக்கிறார். "ஆமாமா, தோத்ததுக்கு அப்புறம் இப்படித்தான் சொல்லுவ" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். மாமா வந்து இதை நடித்துக் காட்டினார். நன்றாக நடித்தார்.

அக்டோபர் 17, ஞாயிறு

அக்கா கொல்லைப்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. போய் நின்றேன்.

"அக்கா, அந்த ஒயரு விஷயம்."

"எந்த ஒயரு?"

"சித்தப்பா சரியாத்தான் சொன்னாரு. பச்சைய பாடியில வெக்காதன்னு சொன்னாரு. நான்தான் வெச்சேன்."

மீனைத் திருப்பிப் போட்டு இன்னொரு பக்கம் செதில் சீவினாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"புகைஞ்சதுக்கு மறுநாளு வெடிகாலையில இங்கதான் வந்தாரு. இதோ, நீ நிக்கற எடத்துல. 'பாப்பா, நான் தப்பா சொல்லல, சின்னப்பையன் பயந்து சொல்லிட்டான் போல, நீயாவது நம்பு'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"நம்பறேன் சித்தப்பா, எலெக்‌ஷன் முடியற வரைக்கும் வாயத் தொறக்காதீங்கன்னேன்."

"அவரு?"

"சரின்னாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. 'நீ ஜெயிச்சா நல்லதுதான்'னாரு. போயிட்டாரு."

பிறகு கேட்டேன். "அப்ப அன்னைக்கு ஸ்டூல் மேல நின்னு அழுதியே?"

"அழுதேன். நெசமாத்தான் அழுதேன். எதுக்குன்னு நீயே நெனச்சிக்கோ." மீன் தண்ணீரை வாழை மரத்தில் கொட்டினாள். "நீ ஒரு பொய் சொன்ன. அத வெச்சி நான் பன்னெண்டு வூட்டு ஓட்டு வாங்கினேன். யாரு பெரிய கேடின்னு உக்காந்து கணக்குப் பாக்காத. வேலை கெடக்குது."

"இப்பவாவது சொல்லலாம் இல்லக்கா?"

"நான் சொன்னா இன்னா ஆவும்? பதவி ஏத்துக்கறதுக்கு முன்னாடியே பொய்க்காரின்னு பெரிய வூட்டுக்காரன் போஸ்டர் ஒட்டுவான்." கத்தியைத் துடைத்தாள். "நீ சொல்லு. நீ சொன்னா உன்ன யாரு இன்னா பண்ணப் போறாங்க?"

இதே அக்காதான் கூலிக்காக பி.டி.ஓ. மேஜையைத் தட்டினவள். இரண்டும் ஒரே கைதான்.

அக்டோபர் 18, திங்கள்

காலையில் லூர்து கடைக்குப் போனேன். பெஞ்சில் பத்துப் பேர் இருந்தார்கள். சவரி மாமாவும் இருந்தார். கன்னியப்பன் சித்தப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றிருந்தார். வேலைக்குக் கூப்பிடுகிற மேஸ்திரிக்காகக் காத்திருந்தார் போல.

நின்றபடியே சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அவருக்கும் கேட்கிற மாதிரி.

"அன்னைக்கு ஆம்ப்ளிஃபயரு எரிஞ்சது என்னாலதான். சித்தப்பா பச்சைய பாடியில வெக்காதன்னு சொன்னாரு. நான் நம்பாம வெச்சேன். எல்லாரும் கேட்டப்ப அவரு மேல பழியப் போட்டுட்டேன். அவரு ஒண்ணுமே பண்ணல."

டீ ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அடி விழும் என்று நினைத்தேன்.

பெஞ்சிலிருந்த கிழவர் ஒருவர் மெதுவாகத் தலையாட்டினார். "பாத்தீங்களாடா? அக்கா தலைவரானதும் தம்பிக்கு எவ்ளோ பெரிய மனசு."

"இல்ல தாத்தா, நெசமாவே—"

"உடு தம்பி, புரியுது. ஒரே ரத்தம். எத்தினி நாளைக்கு ஒதுக்கி வெக்கறதுன்னு நெனைக்கற. அதுக்குப் பழிய நீ ஏத்துக்கற."

"நெசமாவே நான்தான். போர்டுலயே போட்டிருக்குது, பச்சை பின்பக்கத்து ஸ்பீக்கருன்னு. வண்டியத் தொறந்து காட்டவா?"

"சர்டிபிகேட் வெச்சிருக்கற வயர்மேனு நீ. உனக்கு ஒரு ஒயரு தெரியாதா?" என்றார் சவரி மாமா. எனக்காகப் பெருமையாகச் சொன்னார். "உங்க அக்கா சொல்லி அனுப்பிச்சாளா? அதான பாத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். இன்னும் இரண்டு முறை சொன்னேன். சொல்லச் சொல்ல நான் இன்னும் நல்லவனாகிக்கொண்டிருந்தேன். நிறுத்திவிட்டேன்.

லூர்து ரோட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். "யோவ் கன்னியப்பா! வாய்யா இங்க. தம்பியே சொல்லிட்டான். மன்னிச்சிட்டோம், வந்து டீயக் குடி."

அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். ரோட்டைக் கடந்து வந்தார். பெஞ்சில் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "இனிமேலாவது நம்ம பக்கம் இரு" என்று இன்னொருவர் சொன்னார். "சரிப்பா" என்றார் சித்தப்பா.

என்னை அவர் பார்க்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதி, கடைசிவரை குடித்தார்.

எழுந்து சட்டைப்பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தார். லூர்து வாங்கிக் கல்லாவில் போட்டான். நானும் நீட்டினேன்.

"தலைவரு தம்பிகிட்ட காசு வாங்கறதா?" என்று என் கையைத் தள்ளிவிட்டான்.